பன்னிரண்டு வீட்டுக் கழிவுநீர்: மிதந்த தொட்டி, அடைத்த சல்லி, இறங்காத அம்மோனியா

2025 ஆகஸ்டில், சுத்திகரித்த கழிவுநீர் வாய்க்காலில் விழும் முனையில் எடுத்த மாதிரியில் அம்மோனியா 9 மி.கி./லி. வந்தது. 2024 ஜூனில் அதே முனையில் எடுத்தபோது 31. இந்த 14 மாத இடைவெளியில், கழிவுநீரை வடிகட்டும் சல்லிப் படுகை ஒன்றை முழுதாகப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. அதற்கும் முன்னால், கசடு தங்கும் தொட்டி ஒன்று குழியிலிருந்து எழும்பி வந்தது. மொத்தச் செலவு 35,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) சற்றுக் குறைவு. இதே மாதிரி தாழ்ந்த, ஈரமான நிலத்தில் இருபது முப்பது வீட்டுக்கு யோசிப்பவர்களுக்கு உதவும் என்று அளவுகளோடு எழுதி வைக்கிறோம்.

இடம் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் தெபால் வட்டாரம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் பழைய லயத்து (தொழிலாளர் வரிசை) வீடுகள். ஆறு ஆறாக இரண்டு வரிசை, 48 பேர், பக்கத்தில் சமையல் கொட்டகையோடு ஒரு சின்ன மாரியம்மன் கோயில். கழிவறைத் தண்ணீர் வீட்டுக்குப் பின்னால் இருந்த செங்கல் குழிகளுக்குப் போனது. அந்தக் குழிகளுக்கு அடித்தளம் கிடையாது. மழைக் காலத்தில் இங்கே அரை மீட்டர் தோண்டினாலே தண்ணீர் நிற்கும். அதனால் குழியிலிருந்தது எல்லாம் நேரே நிலத்தடி நீரில்தான் கலந்தது. அடுப்படி, குளியலறை, துணி துவைக்கும் தண்ணீர் மூன்றும் வாசல் லொங்காங்கில் (திறந்த சாக்கடையில்) ஓடி, தோட்டத்து வாய்க்கால் வழியாகக் கடைசியில் கிரியான் ஆற்றில் போய்ச் சேர்ந்தன. லொங்காங்கின் அடியில் கறுப்பாக விரல் கனத்துக்குப் பாசி பிடித்திருந்தது.

முதல் வேலை அளவு எடுப்பது. பன்னிரண்டு தண்ணீர் மீட்டரையும் இரண்டு வாரம் காலையில் ஒரே நேரத்தில் படித்தோம். சராசரி நாளுக்கு 7.6 கன மீட்டர், அதாவது ஆளுக்கு 158 லிட்டர். மலேசியாவில் வடிவமைப்புக்கு ஆளுக்கு 225 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் 10.8 கன மீட்டர். பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டோம். தீபாவளிக்கு ஊரிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கும்போது அந்த இடைவெளி தேவைப்படும்.

வெளியே விடும் தண்ணீருக்கு அளவுகோலாக 2009ஆம் ஆண்டுக் கழிவுநீர் விதிமுறைகளை வைத்துக்கொண்டோம். 150 பேருக்குக் குறைந்த குடியிருப்புக்கு அந்த விதி பொருந்தாது. ஆனாலும் வேறு நல்ல அளவுகோல் இல்லை. பி தரத்தில் பிஓடி (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர் எடுக்கும் ஆக்சிஜன்; கூடினால் அழுக்கு அதிகம்) 50, மிதக்கும் திடப்பொருள் 100, எண்ணெய் 10, ஆற்றில் விடுவதானால் அம்மோனியா நைட்ரஜன் 20. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்பக்கமாக விட்டால் ஏ தரம்: 20, 50, 5, 10. எல்லாம் மி.கி./லி. கணக்கு. தோண்டும் முன் நில உரிமையாளரிடமும் மாநகர் மன்றத்திடமும் தாளில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாய்க்காலில் புதிதாகக் குழாய் விடுவதற்கு வாய்ச்சொல் போதாது.

குழாயும் மட்டமும்

மட்டம் பார்க்க 20 மீட்டர் ஒளிபுகும் ஹோஸ் போதும். தண்ணீரில் கொஞ்சம் சாயம் கலந்தால் வெயிலிலும் கண்ணுக்குத் தெரியும். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் அளவு பொய்யாகிவிடும். ஒவ்வொரு முறையும் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே மட்டமா என்று பார்த்த பிறகுதான் நகர வேண்டும். கடைசி வீட்டிலிருந்து தொட்டிக்கு 62 மீட்டர். நூற்றுக்கு ஒன்று சரிவு வைத்தால் 62 செ.மீ. இறக்கம். கடைசி வீட்டில் குழாய் 35 செ.மீ. ஆழத்தில் தொடங்குகிறது, தொட்டி வாயில் 97 செ.மீ. ஆகிறது. வீட்டுக்கு 100 மி.மீ., பொதுக் குழாய்க்கு 150 மி.மீ. யூபிவிசி. வளைவு வரும் இடத்திலெல்லாம் மேன்ஹோல்.

நடுவில் ஒரு 8 மீட்டர் துண்டு மட்டமாகவே போய்விட்டது. பள்ளத்தில் மணல் போடாமல் களிமண் மேல் நேரே வைத்ததால் குழாய் தொய்ந்தது. இரண்டு வாரத்தில் அங்கே மலம் தங்கியது. தோண்டி, 100 மி.மீ. மணல் மெத்தை போட்டு மறுபடி வைத்தோம். மெத்தை இல்லாமல் ஒரு மீட்டர் கூட வைக்காதீர்கள்.

பழைய குழிகளைத் தூர்வாரும் லோரி வைத்து உறிஞ்சி எடுத்து, சுண்ணாம்பு கொட்டி, மணல் நிரப்பி மூடினோம். மூடாமல் விட்ட பழைய குழியில் ஒருநாள் யாராவது விழுவார்கள்.

மிதந்த தொட்டி

ஒரு நாள் தண்ணீருக்கு 10.8 கன மீட்டர். கசடுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 40 லிட்டர் வீதம் இரண்டு ஆண்டுக்கு 3.8. ஆக 15 கன மீட்டர் வேண்டும். பழைய ஃபைபர் தொட்டி மூன்று, ஒவ்வொன்றும் 5 கன மீட்டர், தலா 1,800 வெள்ளிக்குக் கிடைத்தன. படுத்த உருளை வடிவம், குறுக்களவு 1.5 மீட்டர், நீளம் 2.8. வரிசையாக இணைத்தால் கசடு முதல் தொட்டியிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். ஒரே பெரிய தொட்டியை விட இது நல்லது.

குழியின் ஆழம் 2.5 மீட்டர். இங்கே மண் சாம்பல் நிறக் கடற்களிமண். செங்குத்தாக வெட்டினால் அரை நாளில் சரியும். பக்கங்களைச் சாய்த்து வெட்டி, ஓரத்தில் பக்காவ் (அலையாத்தி மர) கம்பு அடித்துப் பலகை கொடுத்தோம். ஆள் உள்ளே இறங்கும் எந்தக் குழிக்கும் இது கட்டாயம்.

செப்டம்பர் முதல் வாரம் மூன்று தொட்டியையும் மணல் மேல் உட்கார வைத்து, பாதி உயரத்துக்கு மண் தள்ளிவிட்டு வேலையை நிறுத்தினோம். தொட்டிகள் காலியாக இருந்தன. இரவு பெய்த மழையில் குழி நிறைந்தது. காலையில் நடுத் தொட்டி 40 செ.மீ. எழும்பி, குழாய் இணைப்பைப் பிய்த்துக்கொண்டு சாய்ந்து நின்றது.

கணக்கு எளிது. 5 கன மீட்டர் தொட்டி முழுதாகத் தண்ணீரில் அமிழ்ந்தால் 5 டன் மேலே தள்ளும். காலித் தொட்டியின் எடை 200 கிலோ. மீதி 4.8 டன்னைப் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும். தொட்டிக்கு மேல் வரும் 77 செ.மீ. மண் தண்ணீருக்குள் 2.6 டன்தான் தரும். ஆகவே ஒவ்வொரு தொட்டிக்கும் கீழே 3.0 x 2.0 மீட்டர், 20 செ.மீ. கனத்தில் கான்கிரீட் பலகை போட்டோம். அது தண்ணீருக்குள் 1.7 டன். தொட்டியை விட அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பின் மேல் உட்காரும் மண் இன்னும் 3.3 டன். மொத்தம் 7.6, தேவை 4.8. பலகையில் 12 மி.மீ. கம்பியில் கொக்கி பதித்து, 50 மி.மீ. நைலான் பட்டையால் தொட்டியை இரண்டு இடத்தில் கட்டினோம். இரும்புக் கம்பி வடம் வேண்டாம். இந்த மண்ணில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும், தொட்டியையும் அறுக்கும்.

பட்டை கட்டினாலும் முக்கியம் இதுதான்: மண் நிரப்பும்போது தொட்டிக்குள்ளும் தண்ணீர் நிரப்பிக்கொண்டே வர வேண்டும். வெளியே 30 செ.மீ. மண், உள்ளே 30 செ.மீ. தண்ணீர். கசடு எடுக்கும் நாளிலும் அப்படித்தான். மூன்றையும் ஒரே நாளில் காலி செய்யக் கூடாது. காலி செய்த தொட்டியை அன்றே ஹோஸ் பிடித்து நிரப்ப வேண்டும்.

உள்வாய், வெளிவாய் இரண்டிலும் டி குழாய், கீழ்க்கால் நீர் மட்டத்துக்கு 50 செ.மீ. கீழே. மூன்றாவது தொட்டியின் வெளிவாயில் ஒரு வடிகட்டி: 110 மி.மீ. குழாயில் கிரைண்டரால் 3 மி.மீ. கீறல்கள் போட்டு, 160 மி.மீ. உறைக்குள் இறக்கியது. செலவு 40 வெள்ளிகூட இல்லை. பம்பைக் காப்பாற்றியது இதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலே இழுத்து, முதல் தொட்டியின் வாயிலேயே கழுவிவிட வேண்டும். வாசலில் வைத்துக் கழுவக் கூடாது.

கசடு அளக்க ஒரு கம்பில் வெள்ளைத் துண்டைச் சுற்றி அடிவரை மெதுவாக இறக்கி, இரண்டு நிமிடம் விட்டு எடுங்கள். கசடு நின்ற உயரம் வரை துணி கறுத்திருக்கும், அதற்கு மேல் வெறும் பழுப்பு. 14ஆம் மாதத்தில் முதல் தொட்டியில் 52 செ.மீ. இருந்தது, நீர் ஆழம் 130. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியதும் லோரியைக் கூப்பிட வேண்டும் என்பதால் அதை மட்டும் எடுத்தோம். இரண்டாவதில் 15 செ.மீ.தான்.

சல்லிப் படுகை

தொட்டியிலிருந்து வருவது தெளிந்த தண்ணீர் அல்ல, நாற்றமெடுக்கும் சாம்பல் தண்ணீர். அதைச் சல்லியும் செடியும் உள்ள படுகைக்குள் படுக்கையாக ஓட விடுவது முதல் திட்டம். ஆளுக்கு 2 சதுர மீட்டர் வீதம் 96 சதுர மீட்டர். 12 x 4 மீட்டரில் இரண்டு படுகை. சல்லி 60 செ.மீ., தண்ணீர் 50 செ.மீ. நிலத்தடி நீர் உயரமாக இருப்பதால் தோண்டாமல், தரை மேல் வரப்பு கட்டி எழுப்பினோம். அதனால் பம்ப் தவிர்க்க முடியாததாகிவிட்டது. தொட்டிக்குப் பின்னால் 1.2 மீட்டர் கான்கிரீட் வளையங்களில் ஒரு பம்ப் கிணறு.

அடியில் துணிப்பாய், அதன் மேல் 0.75 மி.மீ. எச்டிபிஇ பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் மறுபடி துணிப்பாய். மேல் துணிப்பாயை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். சல்லியின் கூர் முனை விரிப்பைக் குத்தும். ஒரு படுகைக்கு 14.5 x 6.5 மீட்டர் விரிப்பு வேண்டியிருந்தது, ஓரத்தில் மடித்துப் புதைப்பதற்கும் சேர்த்து.

சல்லியில் இரண்டாவது தவறு. கேட்டது 10 முதல் 20 மி.மீ. கழுவிய கல். வந்த முதல் இரண்டு லோரி கிரஷர் ரன், சாலைக்குப் போடும் தூசி கலந்த கல். பார்வைக்கு மேலே கல்தான் தெரிந்தது, அப்படியே கொட்டிவிட்டோம். தண்ணீர் விட்டதும் மூன்றே வாரத்தில் மேலே குளம் கட்டியது. 20 டன்னையும் அள்ளி எடுத்து, பாதைக்குப் போட்டோம். 840 வெள்ளி.

அதற்குப் பிறகு லோரி கொட்டும் முன்பே வாளிச் சோதனை. 10 லிட்டர் வாளி நிறையக் கல்லை விளிம்பு மட்டத்துக்கு நிரப்பி, அளந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். நல்ல கல் 3.8, 3.9 லிட்டர் குடிக்கும். கிரஷர் ரன் 2.2 லிட்டரிலேயே வழிந்தது. பிறகு அந்தத் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் வடித்துப் பாருங்கள். தேத்தண்ணீர் மாதிரி இருந்தால் திருப்பி அனுப்புங்கள். மொத்தம் தேவைப்பட்டது 58 கன மீட்டர், 87 டன், டன் 50 வெள்ளி. உள்வாய், வெளிவாய் ஓரங்களில் அரை மீட்டர் அகலத்துக்கு 40 முதல் 70 மி.மீ. பெரிய கல்.

வெளிவாயில் ஒட்டாத 100 மி.மீ. முழங்கை. ரப்பர் வளையத்தோடு இருப்பதால் கையால் திருப்பலாம். திருப்பினால் படுகையின் நீர் மட்டம் ஏறும், இறங்கும். தண்ணீர் சல்லிக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே இருக்க வேண்டும். மேலே ஏறினால் கொசு வரும், நத்தை வந்து இளங்குருத்தைத் தின்னும். நட்ட முதல் மாதம் மட்டும் வேர் பிடிக்க 3 செ.மீ. வரை உயர்த்தி வைத்தோம்.

செடி சதுர மீட்டருக்கு நான்கு. ஒரு படுகையில் வெட்டிவேர், மற்றதில் கல்வாழையும் வாய்க்கால் ஓரத்துச் சம்பும். சம்பு நன்றாகப் பிடித்தது, ஆனால் ஆறு மாதத்தில் கல்வாழையை அமுக்கிவிட்டது. வெட்டிவேர் முதல் இரண்டு மாதம் மஞ்சளாகவே நின்று, பிறகு தேறியது. கல்வாழை நட்டால் தனியாக நடுங்கள். வீட்டுக்காரர்கள் பார்க்க விரும்புவது அந்தப் பூவைத்தான். படுகையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பதும் அதனால்தான்.

மழையும் எண்ணெயும்

2024 மார்ச்சில் தண்ணீர் விட்டோம். அக்டோபர் மழையில் பம்ப் கிணறு நிரம்பி வழிந்தது. கடைசி வீட்டு அக்கா சொன்னதுதான் துப்பு: “அண்ணே, மழ பெஞ்சாத்தான் எங்க கக்கூஸ்ல தண்ணி மேல வருது. மத்த நாள்ல ஒன்னுமே இல்ல.”

பம்பைக் குற்றம் சொல்வதை நிறுத்திவிட்டு, கூரைத் தண்ணீரைத் தேடினோம். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கரண்டி கேசரிப் பவுடர் கரைத்து, ஒவ்வொரு வீட்டுத் தகரக் கூரையின் பீலியிலும் (மழைநீர் வடியும் தகர வாய்க்கால்) ஊற்ற வேண்டும். மேன்ஹோலில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் கால் மணி நேரம் விட வேண்டும், இல்லாவிட்டால் எந்த வீட்டுச் சிவப்பு என்று தெரியாது. பன்னிரண்டில் ஐந்து வீட்டுப் பீலி குளியலறை வடிகாலோடு சேர்ந்திருந்தது. கூரை 60 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கு ஒரு வீட்டிலிருந்து 3,000 லிட்டர், ஐந்து வீட்டிலிருந்து 15,000. குடியிருப்பு முழுவதும் ஒரு நாளில் விடும் தண்ணீரைப் போல் இரண்டு மடங்கு, ஒரே மணி நேரத்தில். அதோடு இரண்டு மேன்ஹோல் மூடி தரைக்குக் கீழே இருந்தது. பீலிகளைப் பிரித்து லொங்காங்கில் விட்டு, மூடிகளை 15 செ.மீ. உயர்த்தினோம். 200 வெள்ளிக்குள் முடிந்த வேலை. இதைக் குழாய் போடும் முன்பே செய்திருக்க வேண்டும்.

எண்ணெய் மெதுவாக வந்து சேர்ந்தது. ஏழாம் மாதத்தில் முதல் படுகையின் உள்வாய்ப் பக்கம் இரண்டு மீட்டர் நீளத்துக்குத் தண்ணீர் மேலே நின்றது. கையுறை போட்டுத் தோண்டிப் பார்த்தால், கல்லுக்குக் கல் நடுவே வெள்ளையாக, மெழுகு போலக் கெட்டியாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் நசுக்கினால் வழுக்கியது, உடையவில்லை. செம்பனை எண்ணெய் இரவில் குளிர்ந்தால் உறையும். குழாய்க்குள் சோப்போடு சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். முதல் 60 செ.மீ. கல்லை முழுதும் எடுத்து, வலையில் போட்டுக் கழுவித் திருப்பி வைத்தோம். இரண்டு பேருக்கு ஒன்றரை நாள்.

வீட்டுக்கு ஒன்றாக கிரீஸ் டிராப் (எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டி) வைத்தோம். 60 லிட்டர் நீலத் தோம்பு (பீப்பாய்), உள்ளே டி, வெளியே டி, வெளிக்கால் அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்தில். வீட்டுக்கு 85 வெள்ளி. அடுப்படித் தொட்டித் தண்ணீர் மட்டும் இதில் வர வேண்டும். குளியலறையையும் சேர்த்தால் வேகத்தில் எண்ணெயை அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேலே மிதப்பதைக் கரண்டியால் அள்ளி, மரத்தூள் கலந்து, செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட வேண்டும். வெந்நீர் ஊற்றிக் “கரைத்து” விடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அது பத்து மீட்டர் தள்ளிப் போய் மறுபடி உறையும்.

கோயில் சமையலுக்கு 1,000 லிட்டர், இரண்டு தடுப்போடு. ஆனால் அன்னதான நாளில் எண்ணெயை விடக் கஞ்சிதான் தொல்லை. சோறு வடித்த கஞ்சி தண்ணீரில் கரைந்தே போகும், எந்த டிராப்பிலும் நிற்காது, படுகைக்குள் போய் வழவழப்பாகப் படியும். நூறு பேருக்கு வடித்தால் பெரிய அண்டா நிறைய வரும். இப்போது அதை ஆற வைத்து மாட்டுக்குக் கொடுக்கிறார்கள், மிச்சம் வாழை அடியில். வடை சுட்ட எண்ணெய் தகர டின்னில் சேர்கிறது. பழைய எண்ணெய் வாங்கும் ஆள் மாதம் ஒருமுறை வந்து எடை போட்டுக் காசு கொடுக்கிறார். அந்தக் காசு கோயில் உண்டியலுக்குப் போவதால் டின்னில் ஊற்ற யாரும் மறப்பதில்லை.

இறங்காத அம்மோனியா

இதற்கு முன்பே, 2024 ஜூனில், முதல் சோதனை எடுத்திருந்தோம். வீடுகளிலிருந்து வரும் தண்ணீரில் பிஓடி 178, தொட்டிக்குப் பின் 96, படுகைக்குப் பின் 27. மிதக்கும் திடப்பொருள் 21. கண்ணாடிக் குவளையில் பார்த்தால் தெளிவு, நாற்றம் இல்லை. ஆனால் அம்மோனியா உள்ளே 38, வெளியே 31. கிட்டத்தட்ட வந்தபடியே போகிறது. செடி வளர்ந்தால் இறங்கும் என்று ஐந்து மாதம் காத்திருந்தோம். நவம்பரில் 29.

படுக்கையாக ஓடும் படுகையில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது. சல்லிக்குள் காற்று போகாது, அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்க்குக் காற்று வேண்டும். வெட்டிவேரின் வேர் கொண்டுவரும் காற்று இதற்குப் போதவில்லை. பரப்பை இரண்டு மடங்காக்கினாலும் இது பெரிதாக மாறாது. மேலிருந்து கொட்டி, வடிய விட்டு, காய விட்டு, மறுபடி கொட்டும் செங்குத்துப் படுகை தேவை. பம்ப் ஏற்கெனவே இருந்தது. இரண்டாவது படுகையை மாற்ற முடிவு செய்தோம்.

இங்கேதான் பெரிய செலவு. இரண்டு படுகையும் ஒரே மட்டத்தில் இருந்தன. செங்குத்துப் படுகையின் அடியிலிருந்து வடியும் தண்ணீர், மற்றப் படுகையின் நீர் மட்டத்துக்கு மேலே வந்து விழ வேண்டும். ஆகவே சல்லியை அள்ளி, ஐந்து லோரி செம்மண் கொட்டி அடித்துத் தளத்தை 55 செ.மீ. உயர்த்தினோம், வரப்பையும் உயர்த்தினோம். பேக்ஹோவின் (மண் தோண்டும் இயந்திரம்) பல் விரிப்பைக் கிழித்துவிட்டது. புதிது 850 வெள்ளி.

அடியில் 20 செ.மீ. பழைய சல்லி, அதற்குள் துளையிட்ட 100 மி.மீ. வடிகுழாய் இரண்டு. அவற்றின் முனை மேலே எழும்பிக் காற்று வாங்க வேண்டும், அதை மறந்தால் பாதிப் பயன் போச்சு. அதன் மேல் 10 செ.மீ. 5 முதல் 10 மி.மீ. கல். அதன் மேல் 30 செ.மீ. பெருமணல், 14.4 கன மீட்டர். மணலை போத்தலில் தண்ணீரோடு குலுக்கி இரவு வைத்துப் பார்த்தோம். 10 செ.மீ. மணலுக்கு மேல் 1 செ.மீ. சேறு படிந்த முதல் மாதிரியைத் தள்ளிவிட்டு, 3 மி.மீ.க்குக் கீழே படிந்ததை எடுத்தோம். மணலுக்கும் கல்லுக்கும் இடையில் துணிப்பாய் போடாதீர்கள். அடைப்பு அங்கேதான் தொடங்கும்.

மேலே 12 மீட்டர் நீளத்தில் நான்கு 32 மி.மீ. குழாய், மீட்டருக்கு ஒரு துளை, 48 துளை. முதலில் 6 மி.மீ. துளை போட்டோம், பத்து நாளில் நான்கில் ஒன்று அடைத்தது. 8 மி.மீ. ஆக்கியபின் மாதம் ஒருமுறை முனை மூடியைத் திறந்து அலசினால் போதும். துளை கீழ்நோக்கி, அடியில் உடைந்த ஓட்டுத் துண்டு. அது இல்லாவிட்டால் மணலில் குழி விழும்.

உயரம் கூடியதால் பழைய 0.4 கிலோவாட் பம்ப் மூச்சு வாங்கியது. 0.75 கிலோவாட்டுக்கு மாறினோம், நிமிடத்துக்கு 220 லிட்டர். ஒரு கொட்டுக்கு 500 லிட்டர், அதாவது கிணற்றில் 44 செ.மீ. இறக்கம், பம்பை இயக்கும் மிதவை சுவிட்சின் கயிற்று நீளத்தை இதற்கேற்பக் கட்டினோம். படுகை முழுவதும் 1 செ.மீ. தண்ணீர், இரண்டேகால் நிமிடத்தில். நாளுக்குச் சுமார் 15 கொட்டு. பம்ப் ஓடுவது மொத்தம் 35 நிமிடம், மின்சாரம் மாதத்துக்கு 18 யூனிட் அளவில். மெதுவாகச் சொட்டச் சொட்ட விட்டால் தண்ணீர் முதல் துளைகளிலேயே இறங்கிவிடும், மற்ற இடம் சும்மா கிடக்கும். வேகமாகக் கொட்டி நீண்ட நேரம் காய விடுவதில்தான் வேலை நடக்கிறது.

நுண்ணுயிர் பிடிக்க எட்டு வாரம் ஆனது. அதுவரை எண்களைப் பார்த்து எதையும் மாற்றவில்லை. ஆகஸ்டில் வெளிவாயில் பிஓடி 11, திடப்பொருள் 8, எண்ணெய் 2, அம்மோனியா 9. செங்குத்துப் படுகைக்குப் பின் கிடைமட்டப் படுகை நிற்பதால், உருவான நைட்ரேட்டிலும் ஒரு பங்கு அங்கே குறைகிறது.

பம்ப் கிணற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பம்ப் கயிற்றில் தொங்க வேண்டும், மேலிருந்தே இழுத்து எடுக்கும்படி. எந்தக் காரணத்துக்கும் ஆள் உள்ளே இறங்கக் கூடாது. அழுகிய முட்டை வாடை வந்து, பிறகு வாடையே தெரியாமல் போனால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த வாயு மூக்கை மரத்துப்போகச் செய்யும், ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும். விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். மூடிக்குப் பூட்டு போட்டு, சாவியை இருவரிடம் மட்டும் கொடுத்திருக்கிறோம். முதலில் போட்ட இரும்புச் சங்கிலி ஏழு மாதத்தில் அரித்து அறுந்தது. இப்போது 10 மி.மீ. நைலான் கயிறு.

செலவில் பெரியவை: தொட்டி 5,400, குழாயும் இணைப்பும் 4,900, சல்லி 4,350, பேக்ஹோ ஆறு நாள் 3,900, விரிப்பும் துணிப்பாயும் 3,700 அளவில். தவறுகளுக்கு மட்டும் போனது: கிரஷர் ரன் 840, பழைய பம்ப் 680, கிழிந்த விரிப்பு 850, இரண்டு நாள் பேக்ஹோ 1,300. உடலுழைப்பு முழுவதும் கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் இலவச வேலை), கணக்கில் சேரவில்லை.

மறுபடி கட்டினால் படுகைகளைத் தொடக்கத்திலேயே படிக்கட்டாக, செங்குத்து மேலே, கிடைமட்டம் கீழே வைப்போம். கிடைமட்டப் படுகை 12 x 4 ஆக இராமல் 8 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம். உள்வாய் முகம் இரண்டு மடங்காவதால் அடைப்பு தாமதமாகும். செங்குத்துப் படுகையை இரண்டு பாதியாகப் பிரித்து, வாரம் மாற்றி ஓய்வு கொடுக்க வால்வு வைப்போம். இப்போதைய படுகையில் அது இல்லை. மணலின் மேல் மெல்லிய கறுப்புத் தோல் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. மாதம் இரண்டு முறை வாரியால் கீறிவிடுகிறோம். அக்டோபர் மழைக்கு முன் செய்ய வேண்டியவை மூன்று: மேன்ஹோல் மூடிகளின் ரப்பர் பார்ப்பது, பீலிகளில் மறுபடி கேசரிப் பவுடர் ஊற்றுவது, உபரி மிதவை சுவிட்ச் ஒன்று வாங்கிக் கோயில் கொட்டகையில் தொங்கவிடுவது.